தேவசித்தமும் பிடியரிசியும்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் அச்சடிக்கப்படும் விவாக அழைப்பிதழ்களில், மணமக்களின் பெயர்களுக்கும் தேவாலயத்தின் பெயருக்கும் அருகில், ‘தேவசித்தமானால்’ என்றொரு சொல் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். திருமணத்துக்கு மாத்திரமன்றி, கொழும்புக்குப் புறப்படுகிறவர் உறவினருக்கு எழுதும் கடிதத்திலும், ஆலய பரிபாலன சபையார் வெளியிடும் கூட்ட அறிவித்தலிலும், ஏன், வெங்காயம் கிண்டும் நாளைக் குறித்துக் கூலியாளிடம் பேசும்போதுங்கூட, அது நாவில் தானாக வந்து விழுவதுண்டு. நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம், அங்கே வியாபாரம் செய்து இலாபம் ஈட்டுவோம் என்று திட்டமிடுகிறவனை நோக்கி, நாளைய தினம் உன் கையில் இல்லையே என்று கண்டிக்கும் யாக்கோபின் நிருபத்து நான்காம் அதிகாரத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. மனிதன் எவ்வளவு நுட்பமாகத் திட்டம் வகுத்தாலும், அத்திட்டத்தைத் திருத்தவும் ஒத்திவைக்கவும் முற்றாகத் தள்ளிவிடவும் அதிகாரமுள்ள ஒருவர் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் வாயாலே ஒப்புக்கொள்வதே அதன் நோக்கம்.

ஆனால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொள்வதோடு அமைந்துவிடுதல் மனித சுபாவத்துக்கு எளிதன்று. ஆண்டவர் என்ன நினைத்திருக்கிறார் என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டுவிட்டால் மனம் அமைதியடையுமல்லவா? சாதகம் பார்ப்பதும், பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும், கோயிலிலே பூக்கட்டிப் பார்ப்பதும் அன்றாட வழக்கமாக உள்ள ஒரு சமுதாயத்தின் நடுவில் வாழும் கிறிஸ்தவர், அவற்றையெல்லாம் விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே, அதே ஆவலை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் அழைத்துவிட்ட சந்தர்ப்பங்கள் பல. வருடப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் என்ன வசனம் வந்ததென்று பார்த்து அவ்வாண்டின் சுகதுக்கங்களை நிர்ணயிப்பவர்களும், கண்ணை மூடிக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தையே உத்தரவாக எடுத்துக்கொள்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் பரிகசிக்க விரும்பவில்லை. தத்தளிக்கும் நெஞ்சு எதையாவது பற்றிக்கொள்ளவே செய்யும். ஆயினும் குடாநாட்டுப் போதகர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் உரையாடல் ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் சிறிது வேறுபடினும், அதன் சாரம் இப்படியிருக்கும்.

“ஐயா, பிள்ளைக்குக் கனடாவிலயிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மூண்டு நாள் செபம்பண்ணிப்போட்டு வேதத்தைத் திறந்தன். ஆபிரகாமைத் தேசத்தை விட்டுப் புறப்படச் சொன்ன இடம் வந்தது. ஆண்டவற்றை சித்தம் உதுதானே?”

“ஆபிரகாமுக்குச் சொன்னது சரி அம்மா. பிள்ளையை ஒருக்கால் கேட்டுப் பாத்தனீங்களோ?”

தாயின் பக்தியைக் குறைகூறாமலும், மகளின் மனச்சாட்சியை மறந்துவிடாமலும் அந்தப் போதகர் கேட்கும் கேள்வியிலே, கிறிஸ்தவ சபை பல நூற்றாண்டுகளாகக் கற்றுக்கொண்ட விவேகம் அடங்கியிருக்கிறது. சித்தத்தை அறிதல் என்பது குறிசொல்லுதலன்று. அது உண்மை பேசுதல், காத்திருத்தல், பிறரோடு கலந்தாலோசித்தல், அண்டையிலுள்ள கடமையை முதலில் முடித்தல் ஆகிய சாதாரண காரியங்களால் ஆனது. இதனை விளக்க வேதசாஸ்திர நூல்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. இந்தக் குடாநாட்டின் சரித்திரத்திலேயே தக்க உதாரணங்கள் கிடக்கின்றன.

உடுவில் மகளிர் பாடசாலை என்ற பெயரை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இல்லை. 1816 ஆம் ஆண்டில் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார், 1824 இல் அதனை ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று பெற்றோர் கேட்ட காலம் அது. விடுதியில் விட்ட பிள்ளையை நாளைக்கு யார் மணமுடிப்பார் என்ற பயத்தைப் போக்குவதற்காக, ஆரம்ப நாட்களில் மிஷனே மாணவியருக்குச் சிறு சீதனம் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை வாசிக்கும்போது, யாழ்ப்பாணத்து மண்ணில் காலூன்றும் எதுவும் சீதனத்தைத் தாண்டிப் போக முடியாதென்பது விளங்கிப் புன்னகை வருகிறது. அந்தப் பாடசாலைக்கு 1840 இல் வந்து சேர்ந்தவர் எலைசா அக்னியூ.

நியூயோர்க் நகரில் 1807 இல் பிறந்த அவர், எட்டு வயதுச் சிறுமியாகப் பூமிசாஸ்திர வகுப்பில் இருந்தபோது, மிஷனரிப் பெண்ணாகப் புறப்பட்டு 1812 இல் இளவயதிலேயே மரித்த ஹரியற் நியூவெல் என்பவர் அடக்கம்பண்ணப்பட்ட மொரீசியஸ் தீவை ஆசிரியர் தேசப்படத்தில் சுட்டிக்காட்டினாரென்றும், அந்த வேளையிலேயே, கர்த்தருக்குச் சித்தமானால் தானும் அவ்வாறே செல்வதென்று அப்பிள்ளை தீர்மானித்தாளென்றும் அவரைப் பற்றிய சரிதைகள் கூறும். எட்டு வயதுத் தீர்மானங்கள் பெரும்பாலும் ஒன்பது வயதுக்குள் மறைந்துவிடும். இவருடைய தீர்மானமோ இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. அதைவிட ஆச்சரியமானது, அத்தனை ஆண்டுகளும் அது நிறைவேறாமலே இருந்ததுதான். வீட்டிலே முதிய பெற்றோர் இருந்தனர். அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. தேவன் அழைத்தாரென்று சொல்லி அவர்களை விட்டுப் புறப்பட அவர் துணியவில்லை. பெற்றோர் இருவரும் காலஞ்சென்று, வீட்டுக் கடமை தீர்ந்த பின்னரே, முப்பது வயதைக் கடந்த அவர் கப்பலேறினார்.

இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். அந்த இருபது ஆண்டுகள் வீணான காத்திருப்பா, அல்லது அவையும் சித்தத்தின் பகுதியா? தேவசித்தம் எங்கோ தூரதேசத்தில் இருக்கிறது, அதை அடையவிடாமல் தடுக்கும் இடையூறே வீடு என்று எண்ணுகிறவர்களுக்கு அக்னியூ அம்மையாரின் சீவியம் இலகுவில் விளங்காது. நோயுற்ற தாய்க்குப் பாத்திரம் கழுவிய கைகளும் உடுவிலில் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டிய கைகளும் ஒரே கீழ்ப்படிதலையே செய்தன என்பதே என் அபிப்பிராயம். பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளை ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க, தெளிவாகச் சொல்லப்படாத ஓர் அழைப்பின் பெயரால் அதை மீறுவது எப்படிப் பொருந்தும்? அழைப்பு மெய்யானதாயின் அது காத்திருக்கும். காத்திருந்தும் மங்காததே அது மெய்யானதென்பதற்கு அத்தாட்சி.

வந்த பின்னர் அவர் திரும்பிப் போகவேயில்லை. தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் விடுமுறையில் செல்லாமல், 1879 இல் இளைப்பாறும்வரை உடுவிலில் கற்பித்து, 1883 இல் மானிப்பாயில் உயிர்நீத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தனர். தாய் படித்த அதே விடுதியில் மகளும், பின்னர் பேர்த்தியும் அவரிடமே பாடங்கேட்ட குடும்பங்கள் இருந்தன. அவர் தம் கையால் ஒரு சபையை நிறுவவில்லை, பெரிய கிரந்தமொன்றை இயற்றவில்லை. காலையில் மணியடிக்க எழும்பி, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார்களா என்று பார்த்து, கணக்கும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்து, மாலையில் அவர்களுக்காகப் பெயர் பெயராகச் செபித்துப் படுத்தார். நாற்பது வருடங்கள் அப்படியே கழிந்தன.

இனி, இரண்டு வழிகளும் நல்லவையாகத் தோன்றும்போது என்ன செய்வது என்ற கேள்வி எழும். களவு செய்யலாமா, பொய்ச்சாட்சி சொல்லலாமா என்பவற்றில் சித்தத்தை ஆராயவேண்டிய அவசியமில்லை. அவற்றுக்குப் பத்துக் கட்டளைகளிலேயே விடை இருக்கிறது. உண்மையில் நாம் ஆராய்ந்து தவிக்கும் விஷயங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதும், விடை பிடிக்காத காரணத்தால் கேள்வியை நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதும் சற்றுக் கசப்பான உண்மை. எஞ்சியவை சில: ஆசிரியப் பதவியா, வங்கி உத்தியோகமா, ஊரிலிருந்து பெற்றோரைப் பார்ப்பதா, கடல் கடந்து சென்று அவர்களுக்குப் பணம் அனுப்புவதா, இவரை மணப்பதா, தனித்திருப்பதா. இத்தகைய தெரிவுகளுக்கென்றே பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், 1548 இல் அச்சேறிய தம்முடைய ஆன்மிகப் பயிற்சி நூலில் சில நெறிகளை வகுத்துவைத்தார். யுத்தத்தில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த நாட்களில், வீரக் கதைகளைப் பற்றிய கனவுகள் அந்நேரம் இனித்துப் பின்பு உள்ளத்தை வறளச் செய்வதையும், புனிதர்களின் சரித்திரத்தைப் பற்றிய நினைவுகள் நெடுநேரம் சென்றபின்னும் சந்தோஷத்தை விட்டுச்செல்வதையும் கவனித்த அனுபவமே அந்நெறிகளுக்கு மூலம்.

அவர் சொல்வதில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில், தெளிந்திருந்தபோது செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது ஒன்று. முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு உன்னிடம் வந்தால் அவருக்கு நீ என்ன புத்தி சொல்வாயோ அதை உனக்கே சொல்லிக்கொள் என்பது இன்னொன்று. மரணப் படுக்கையிலிருந்து திரும்பிப் பார்க்கையில் எந்த வழியைத் தெரிந்தெடுத்திருக்க விரும்புவாய் என்று கேட்டுப்பார் என்பது மற்றொன்று. இவற்றில் எதுவும் மந்திரமன்று. யாரும் கையாளக்கூடிய யோசனைகளே. இவை செய்யும் வேலையெல்லாம், நம்முடைய ஆசையையும் அச்சத்தையும் சிறிது விலக்கிவைத்து, தேவனுடைய குரலுக்கு இடம் உண்டாக்குவதுதான். ஆசை தேவசித்தத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருவதில் வெகு சாமர்த்தியமுடையது. சீதனத்தொகையையெல்லாம் பேசித் தீர்த்து, காணி உறுதியையும் எழுதி முடித்துவிட்டு, அதன்பின் அழைப்பிதழில் தேவசித்தத்தை அச்சிடுகிறவர்களின் விஷயத்தில் ஆண்டவருக்கு எஞ்சியிருப்பது கையொப்பமிடும் வேலை மாத்திரமே.

‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்’ என்பது நம்மவரின் பழமொழி. அரசாங்க உத்தியோகத்துக்கு யாழ்ப்பாணம் கொடுத்த மதிப்பு அத்தகையது. மானிப்பாயில் 1875 இல் சைவக் குடும்பமொன்றில் பிறந்து, பின்னர் கத்தோலிக்கராய் வளர்ந்த இளைஞர் ஒருவர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகப் பதவி பெற்றபோது, சுற்றத்தார் பெருமைப்பட்டிருப்பார்கள் என்று ஊகிக்கக் கற்பனை அதிகம் வேண்டியதில்லை. அவர் அப்பதவியைத் துறந்து குருமடத்தில் சேர்ந்து 1901 இல் குருப்பட்டம் பெற்றார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். பல மொழிகளைக் கற்று, யாழ்ப்பாண சரித்திரத்தையும் தமிழ்ச் சொற்களின் பிறப்பையும் ஆராய்ந்து, 1947 இல் மறையும்வரை மாட்டுவண்டிப் பாதைகளில் ஊர் ஊராய்ச் சென்று மக்களோடு வாழ்ந்தவர் அவர். அக்னியூ அம்மையார் கடமைக்காகப் பிந்தினார், இவரோ உரிய வேளையில் பதவியைக் கைவிட்டார். சித்தம் எல்லோரிடமும் ஒரே வேகத்தைக் கேட்பதில்லை.

தோமஸ் அடிகளாரின் கதை வேறு விதமானது. பாண்டியன்தாழ்வில் 1886 இல் பிறந்த அவர் தேக பலவீனமுள்ளவர். அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகக் கற்பித்துக்கொண்டிருந்த அவருக்கு, செபத்துக்கும் மௌனத்துக்குமே ஒப்புக்கொடுக்கப்பட்ட ஒரு துறவற சபை நம் நாட்டில் தோன்றவேண்டும் என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. இத்தனை பெலவீனமான மனிதர், உபவாசமும் கடுந்தவமும் கொண்ட ஒரு சபையை எவ்வாறு ஸ்தாபிப்பார் என்று உலகம் கேட்குமல்லவா? மறைபரப்பு நாடுகளில் தியான வாழ்வுச் சபைகள் எழவேண்டுமென்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1926 இல் எழுதிய நிருபமும், யாழ்ப்பாணத்து ஆயர் கியோமார் ஆண்டகையின் ஆதரவும் ஒன்றுகூடியபோதே அந்த எண்ணத்துக்கு வழி திறந்தது; 1928 பெப்ரவரி 2 ஆம் திகதி, வசாவிளானை அடுத்த தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை பிறந்தது. தம் உள்ளத்து ஏவுதல் எவ்வளவு பலமாயிருந்தாலும், திருச்சபையின் அதிகாரம் அதை ஆராய்ந்து ஆமென்று சொல்லும்வரை பொறுத்திருந்தார் என்பதே இதில் நாம் கவனிக்கவேண்டியது. நெல்லிரசம் வாங்குவதற்காகத் தோலகட்டிக்குப் போய்வரும் நம்மவரில் எத்தனை பேர், அந்த மதிலுக்கு உட்புறத்தில் இரவும் பகலும் முறைவைத்துச் செபமாலை சொல்லப்பட்டு வந்ததை நினைத்திருப்பார்களோ அறியேன்.

தனிமனிதனின் உள்ளுணர்வு பிறரின் ஆராய்ச்சிக்கு உட்படவேண்டும் என்பதைப் புரட்டஸ்தாந்தரும் வேறு விதத்தில் அனுசரிக்கிறார்கள். 1814 இல் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்தில் காலடி வைத்ததோடு இங்கே வேரூன்றிய மெதடிஸ்த சபையில், ஜோன் வெஸ்லி 1755 இல் ஏற்படுத்திய உடன்படிக்கை ஆராதனை ஆண்டுதோறும் வருடத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. வேலை கொடுத்தாலும் வேலையின்றி ஒதுக்கிவைத்தாலும், உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அவருக்கே சம்மதம் என்ற கருத்துள்ள பிரதிக்கினையை, சபையார் யாவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க ஒரே குரலில் எடுக்கிறார்கள். வேலையின்றி ஒதுக்கப்படுவதற்கும் சம்மதம் என்ற பகுதியை, இளைப்பாறிய ஆசிரியர்களும் பக்கவாதத்தால் வாங்கிலே சாய்ந்திருக்கும் முதியவர்களும் சொல்லக் கேட்டால், அது வெறும் சடங்கென்று யாரும் கூறமாட்டார்.

இவ்வளவு சொன்ன பின்னர், இந்த மண்ணில் இருந்து எழுதுகிறவன் தட்டிக்கழிக்க முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. 1995 ஜூலை 9 ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வருடம் ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து, மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தது. இவையும் தேவசித்தமா? ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சிலர் அப்படிச் சொல்லியுமிருக்கலாம். ஆனால் கிறிஸ்தவ போதனை அவ்வளவு எளிதாக அதற்கு இடங்கொடுப்பதில்லை. கடவுள் விரும்பிக் கட்டளையிடுவது ஒன்று, மனிதரின் சுயாதீனத்தை முன்னிட்டு அனுமதிப்பது வேறொன்று என்று பழைய வேதசாஸ்திரிகள் பகுத்துரைத்தனர். அந்தப் பகுப்பும் துயரத்தை முற்றாக விளக்கிவிடாதெனினும், கொலைகாரன் செய்ததைக் கடவுளின் கணக்கில் எழுதாதபடி அது நம்மைத் தடுக்கிறது. நெற்றியில் எழுதியபடி நடந்தே தீரும் விதியை நம்புகிறவன் எதிர்த்துப் பேசமாட்டான். எதிர்த்துப் பேசி ஆவதொன்றுமில்லை. ஆனால் சங்கீத புஸ்தகத்தைத் திறந்தால், எதுவரைக்கும் ஆண்டவரே என்று முறையிடுகிறவர்களும், மறந்துவிட்டீரோ என்று வழக்காடுகிறவர்களும் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறார்கள். அவர்களுடைய முறைப்பாட்டை விசுவாசக் குறைவென்று யாரும் அந்தப் புஸ்தகத்திலிருந்து நீக்கிவிடவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராக 1947 இல் அபிஷேகம் பெற்ற சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை என்னும் கோட்பாட்டை ஒப்புநோக்கி 1964 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சைவ வீட்டுக்கும் கிறிஸ்தவ வீட்டுக்கும் இடையே வேலி ஒன்றேயாக இருக்கும் இந்த ஊரில் அத்தகைய நூல் எழுந்தது இயல்பே. அருளை நம்புகிற இருவரும் வெறும் விதியோடு திருப்தியடைய இயலாதவர்கள்.

இந்தப் பெரிய கேள்விகளுக்கு நடுவிலும் நாட்கள் நாட்களாகவே கழிகின்றன. உலை வைக்கவேண்டும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும், தோட்டத்துக்கு இறைக்கவேண்டும். அமெரிக்க மிஷன் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்களிடையே ஒரு பழக்கம் இருந்தது. அன்றன்றைய சமையலுக்கு அரிசியை அளந்தெடுத்த பின்னர், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, ஆண்டவருக்கென்று அடுக்களையின் மூலையில் வைத்த பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். அளந்ததற்கு மேலாக எடுத்துப் போடுவதன்று, அளந்ததிலிருந்தே எடுப்பது. ஆகவே அந்த ஒரு பிடி, வீட்டாரில் யாருடைய சோற்றிலிருந்தோ குறைந்தது. பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடுகிறவளுடைய சோற்றிலிருந்தென்று சொல்லத் தேவையில்லை. சேர்ந்த அரிசி ஊழியத்துக்கும் எளியவருக்கும் போயிற்று. பணம் கையில் புழங்காத பெண்கள், கணவனிடம் கேட்காமல், தம் அதிகாரத்துக்குட்பட்ட ஒரே இடமான அடுக்களையிலிருந்து கொடுத்த காணிக்கை அது.

வாலிபர் கூட்டங்களில் பேசவருகிறவர்கள், உன் வாழ்க்கையைப் பற்றித் தேவனுடைய திட்டம் என்னவென்று அறிந்தாயா என்று உரத்த குரலில் கேட்கும்போதெல்லாம், அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் யாராவது இக்கேள்வியைக் கேட்டிருந்தால், சற்று விழித்துவிட்டு, அதைப்பற்றி ஐயாதான் சொல்லவேணும் என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இன்று பல வீடுகளில் பிடியரிசிப் பாத்திரத்தின் இடத்தைக் காணிக்கை உறை பிடித்துக்கொண்டது. காலத்துக்கு ஏற்ற மாற்றந்தான். உறையில் நோட்டுக்கள் இருப்பதும் சபைக்கு நல்லதே. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய பாத்திரத்தின் மீதே பட்சம். உறையை ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆலயமணி அடித்த பின்னருங்கூட அவசரமாக நிரப்பிவிடலாம். அந்தப் பாத்திரத்துக்கோ, வாரத்தில் ஏழு நாளும், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை போகவேண்டியிருந்தது.